கொண்டை ஊசி வளைவில் ஒரு விலை

குறைவாக ஓடிய கார்தான் நல்ல கார் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் பரவியிருக்கிறது. இது பிழை. சின்னப் பிழையும் அல்ல. பூமி தட்டை என்று நம்பிய காலத்தில்கூட மனிதகுலம் இவ்வளவு நஷ்டப்பட்டதில்லை. தட்டையான பூமியை நம்பியவன் அதை நம்பிக்கொண்டே வீட்டில் படுத்துத் தூங்கினான்; குறைவாக ஓடிய காரை நம்பியவன் வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு போனான். சும்மா நிற்பதைவிடக் கடினமான வேலை இயந்திரத்துக்குக் கிடையாது, நின்றால் ரப்பர் இறுகிவிடும், ஆயில் கசண்டாகிவிடும், எலி குடித்தனம் வந்துவிடும் என்று மனத்துக்குள் ஒரு வகுப்பையே நடத்திக்கொண்டிருக்கிறேன். மனத்துக்குள் நடத்தக் காரணம், வாயைத் திறந்தால் குரல் நடுங்கும். கையை ஆட்டிப் பேசலாமென்றால் வலது கை என் வசம் இல்லை. அது ஒரு பச்சைத் துண்டுக்கு அடியில், மாட்டுத் தரகர் வெள்ளிங்கிரியின் கைக்குள் இருக்கிறது. நாங்கள் இருவரும் பின் இருக்கையில். முன்னால் ஓட்டுவது என் மனைவி கலாமணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கார் வெள்ளிங்கிரியுடையது, இதுவரைக்கும். மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்புகள் முடிந்து கோத்தகிரி மலைப்பாதை தொடங்குகிற இடம். மீட்டரில் ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர். நேற்று காரமடையில் ஒரு டாக்டர் வீட்டில் பார்த்த காரில் வெறும் பத்தொன்பதாயிரம். பதினொரு வருடக் கார், உறை போட்டு மூடி, புதுமணப்பெண்போல நிறுத்தியிருந்தார்கள். நான் மீட்டரைப் பார்த்து மயங்கி நின்றபோது கலாமணி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், டயர் ரப்பரில் நகத்தை அழுத்தினாள், பானெட்டைத் திறந்து மூக்கைச் சுருக்கினாள். "இது நடக்கவே பழகலீங்க" என்றாள். டாக்டர் முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான். ஏனென்றால் குறைவாக ஓடிய கார் நல்லது என்று நேற்றுவரை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன், அல்லது அது என்னிடம் வருகிறது, வெள்ளிங்கிரி இப்போது என் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டு யோசிக்கிறார். துண்டைக் கேட்டது நான்தான். அவர் பாட்டுக்கு வாசலில் நின்று வாயால் விலை சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். சுயநிதிக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தருகிறவன். எங்கள் கல்லூரி மலரில் அது வந்தது, மூன்று அச்சுப் பிழைகளோடு. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் வாங்குபவனும் விற்பவனும் மட்டும் அறியும் விலை என்பது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று அதில் விளக்கியிருந்தேன். ஆகவே வாசலில், "எதுக்குங்க வாயில பேசிட்டு, உங்க முறைப்படி துண்டு போட்டே பேசலாமே" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏனுங் சார், நெசமாவா? எம்பட சொந்த மருமகனுக்கே இது தெரியாதுங். டீச்சர், நீங்க ஓட்டிப் பாருங், நாங்க பொறத்தால உக்காந்து பேசிக்கறம்." விரல் ஒன்றுக்குப் பத்தாயிரம், அதுவும் இரண்டு லட்சத்துக்கு மேலே என்பது பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, ஐந்தைப் பிடித்துவிட்டு மறுபடி மூன்றைப் பிடித்தால் எட்டு. அவர் எட்டில் தொடங்கினார். எங்கள் எல்லை நாலு. இந்த நாலைக் கலாமணி நேற்று இரவு தீர்மானித்தாள். வீட்டுக் கடன், பையனின் காலேஜ், என் கல்லூரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைத்துக்கொண்டு தரும் சம்பளம், இதெல்லாம் போக நாலு. "அதுக்கு மேல ஒரு விரல் போச்சுன்னா நான் மலைக்கே போகலீங்க, சரியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கணக்கு டீச்சர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் கடைசி விடை.

இடது கையால் பேரம் பேசக் கூடாதாம். ஆகவே வெள்ளிங்கிரி தன் வலது கையை எனக்குத் தருவதற்காக உடம்பைத் திருப்பி, கதவில் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பெரிய மனிதர், தொடை பாதி இருக்கையை எடுத்துக்கொள்கிறது. அவருக்குச் சாலை தெரியாது. என் ஜன்னல் வழியாகப் பள்ளம் மட்டும் தெரியும். எனக்குக் கலாமணியின் இடது தோளும் கொண்டையும் கண்ணாடியில் ஒரு கண்ணும் தெரிகின்றன. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. வண்டி ஏறுகிறது, இரண்டாம் கியருக்கு மாற்றுகிறாள், மாற்றியதே தெரியவில்லை, கடைக்காரர் சில்லறை எண்ணும்போது விரல் நகருவதுபோல நகர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அன்னூரில் அவள் அப்பாவின் பால் வேனை ஓட்டியவள். பெண் பார்க்கப் போன அன்று அந்த வேனில்தான் வந்து இறங்கினாள், நேரமாகிவிட்டது என்று. பெண் எங்கே என்று என் பெரியப்பா கேட்டார். இறங்குதுங்க என்றார்கள். அன்றைக்கு அவள் கதவைச் சாத்திய விதம் இன்னும் காதில் இருக்கிறது, ஓங்கி அல்ல, மெதுவாக அல்ல, சாத்த வேண்டிய அளவுக்கு. இன்று காலையில் இந்தக் காரைப் பார்க்கும்போதும் அவள் முதலில் தொட்டது கதவைத்தான். நாலு கதவையும் திறந்து சாத்திக் கேட்டாள். பிறகு குனிந்து பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று. சொன்னன போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டாள். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுங்க?" "ஏறுறப்ப பதினாறுங். எறங்குறப்ப என்னத்தச் சொல்றது, அது பாட்டுக்கு வருது." அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டே கணக்குப் போட்டுவிட்டாள், தினம் ஏறி இறங்கினால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் டீசல், டாக்டர் வீட்டுப் பெட்ரோல் காரோடு பார்த்தால் எத்தனை மாதத்தில் விலை வித்தியாசம் கரையும் என்று. எனக்கு அதற்குத் தாளும் கால்குலேட்டரும் ஒரு மத்தியானமும் வேண்டியிருக்கும், கடைசியில் வரும் விடையில் எனக்கே நம்பிக்கை இருக்காது.

முதல் வளைவு. வண்டி சாய்கிறது, நான் சாய்கிறேன், வெள்ளிங்கிரி என்மேல் சாய்கிறார், துண்டுக்குள் என் விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. எத்தனை விரலைப் பிடித்தேன்? இரண்டு. இரண்டா, மூன்றா? "ஆங், இரண்டுங்களா" என்கிறார் அவர் கண்ணால். வாயால் பேசக் கூடாது, அது முறை. அவர் என் கையில் ஐந்தைப் பிடித்து மறுபடி இரண்டைப் பிடிக்கிறார். ஏழு. ஒரு வளைவில் ஒன்று இறங்கியிருக்கிறார். வாங்குபவன் விருப்பமும் விற்பவன் விருப்பமும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்துக் காட்டுகிறேன். ஒரு கோடு ஏறும், ஒன்று இறங்கும். வாங்குபவன் அந்தச் சமயத்தில் கொண்டை ஊசி வளைவில் இருந்தால் கோடு என்ன ஆகும் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. இருந்திருந்தால் நான் அதில் பிழை கண்டுபிடித்திருப்பேன். காலையில் மூன்று செய்தித்தாள் வாங்கி மூன்றிலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவன் நான். யாருக்கு அனுப்பப் போகிறேன்? யாருக்கும் இல்லை. "திருத்திட்டீங்களா? உலகம் சரியாயிருச்சா?" என்று காபியை வைப்பாள் கலாமணி. டிரைவிங் லைசென்ஸ் தேர்வில்கூடக் கேள்வித்தாளில் ஒரு பிழையைக் காட்டினேன், அதிகாரி பாராட்டினார், பிறகு எட்டுப் போடச் சொன்னார். நான் போட்டது எந்த எண் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு விட்டதுதான். பின் இருக்கை என் இடம் என்று முடிவாகிவிட்டது. பின் இருக்கையில் இருப்பவனுக்கு ஒரே ஒரு சாதனம்தான் உண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவது, இதோ அழுத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் காரில் வைக்கோல் மணம் லேசாக இருக்கிறது. வெள்ளிங்கிரி எத்தனை சந்தைக்கு இதில் போயிருப்பார், எத்தனை மழை. ஒன்றே முக்கால் லட்சம். இத்தனை ஓடியும் ஏற்றத்தில் இது முனகவில்லை. ஒரு நிதானமான உறுமல், சாப்பிட்டு முடித்த யானை மாதிரி. நான் யானை உறுமிக் கேட்டதில்லை, ஆனாலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை என்பது ஒரு வார்த்தை, அது வளைவுக்கு வளைவு முன்னால் வந்து நிற்கிறது. கலாமணிக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்திருக்கிறது. கோத்தகிரிக்கும் மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். காலையில் போகிற பஸ் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருகிறது. தலைமை ஆசிரியை தாமதமாக வந்தால் பிள்ளைகளை எந்த முகத்தோடு வெளியே நிறுத்துவது என்று கேட்கிறாள். கார் இருந்தால் போகலாம், சாயங்காலம் திரும்பலாம். இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அரசாங்கத்தில் இதற்குப் பதவி உயர்வைத் துறத்தல் என்று பெயர். சந்நியாசிகள் துறப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. போன தடவை பையன் பிளஸ் டூ, துறந்தாள். அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்று யாருக்கும் தெரியாது. இந்த மலையில் பனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் தெரியாதாம். மழைக்காலத்தில் பாறை உருளும். யானை நிற்கும். தினமும். நான் ஐந்து மணியிலிருந்து ஜன்னல் ஓரத்தில் நிற்பேன், ஆறரைக்குப் போன் செய்வேன், எடுக்க மாட்டாள், ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது சரிதான், சரிதான் என்று சொல்லிக்கொண்டே மறுபடி போன் செய்வேன். இப்போது ஒரு யோசனை, நான் தேடிப்போகவில்லை, அதுவாக வந்து துண்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. கையைத் தளர்த்தினால் போதும். அவர் ஏழில் இருக்கிறார், நான் இரண்டில். நான் இரண்டிலேயே நின்றுவிட்டால், அவர் கையை உருவிக்கொள்வார், பேரம் முறிந்துவிடும். யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்க முடியாது, இந்த ஏற்பாட்டின் நுட்பமே அதுதான் என்று நானே எழுதியிருக்கிறேன். "ஒத்துவரலீங்க" என்று சொல்லலாம். அவளும் "சரி விடுங்க" என்பாள். சாயங்காலம் நாலே முக்காலுக்கு எப்போதும்போல ஸ்கூட்டி சத்தம் கேட்கும். என் இரண்டு விரல்கள் அவருடைய இரண்டு விரல்களைச் சுற்றித் தளர்ந்து கிடக்கின்றன. வெள்ளிங்கிரி புருவத்தை உயர்த்துகிறார், வேண்டாமா என்பதுபோல. ஆறு என்கிறார் விரலால். ஆறு. அவர் இறங்கி வருகிறார், நான் போகவில்லை. என் விரல்களை நானே வேடிக்கை பார்க்கிறேன், துண்டுக்கு மேலிருந்து, அங்கே பச்சை நிறத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் தெரிகிறது.

அடுத்த வளைவில் பஸ். மேலேயிருந்து வருகிறது. முதலில் அதன் ஹாரன் வந்தது, பிறகு அதன் நெற்றி, பிறகு முழுசும். வளைவு முழுக்க பஸ்தான் இருக்கிறது, சாலை என்பது அதன் ஓரத்தில் மிச்சமான ஏதோ. என் பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, ஒரு மரத்தின் உச்சி இருக்கிறது, மரத்தின் உச்சியை நான் மேலிருந்து பார்க்கிறேன். நான் பிடித்துவிட்டேன். கையில் எது கிடைத்ததோ அத்தனையையும், அவருடைய ஐந்து விரலையும், ஒரு கட்டுக் கீரையைப் பிடிப்பதுபோல. அவரும் பிடித்தார். அதுதான் நான் எதிர்பார்க்காதது. "அய்யோ, டீச்சர்!" என்று முறையை மீறி வாயாலேயே சொன்னார் அந்த மனிதர். இத்தனை வருடம் இதே பாதையில் இதே காரை ஓட்டியவர், பின் இருக்கையில் இதுதான் முதல் தடவை, அதுவும் பள்ளத்தைப் பார்த்தபடி. என் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல், மூன்றையும் நெரிக்கிறார். கலாமணி நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் உருளும் என்று எனக்குப் புரிவதற்குள் அவளுக்குப் புரிந்து முடிந்திருக்கிறது. ஒரு முழம் இடது பக்கம் ஒதுங்கினாள், சரியாக ஒரு முழம், பிறகு ஹாரனை ஒரே ஒரு தடவை அழுத்தினாள், சண்டைக்கு அல்ல, வகுப்பில் டஸ்டரை மேஜைமேல் வைக்கிற மாதிரி. பஸ் நின்றது. அவ்வளவு பெரிய பஸ். அதன் டிரைவர் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினார், போங்க என்று. கலாமணி முதல் கியரில், கிளட்சில் ஏற்றத்தைத் தாங்கிக்கொண்டு, வளைவைத் தன் கையால் வரைகிற மாதிரி வளைத்தாள். பஸ்ஸின் தகரம் வெள்ளிங்கிரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு விரற்கடை தூரத்தில் நழுவிப் போனது. பிறகு வானம். பிறகு தேயிலை. கண்ணாடியில் அந்தக் கண் ஒரு கணம் என்னைப் பார்த்தது. "பயந்துட்டீங்களா?" "இல்ல" என்றேன். "நான் பயந்துட்டனுங்" என்றார் வெள்ளிங்கிரி. கலாமணி சிரித்தாள். முன்பு எப்போதாவது அவள் இப்படிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேனா என்று தேடுகிறேன். பால் வேனிலிருந்து இறங்கியபோது. அதற்குப் பிறகு இருக்கலாம், நான் செய்தித்தாளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். பள்ளிக்கூடம் பூராவையும் இவள் இப்படித்தான் ஓட்டுவாள் என்று தோன்றுகிறது, நானூறு பிள்ளைகளையும் பதினெட்டு ஆசிரியர்களையும், எதிரே எவ்வளவு பெரிய பஸ் வந்தாலும். பனியில் எப்படி ஓட்டுவாள் என்று இவ்வளவு நேரம் பயந்தேன். பனிக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். வெள்ளிங்கிரி பெருமூச்சு விட்டு என் மூன்று விரல்களையும் விடுகிறார். நான் குனிந்து பார்க்கிறேன். துண்டு விலகியிருக்கிறது. என் கை இன்னும் அவருடைய ஐந்து விரலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு டீக்கடை முன்னால் சாலை அகன்றிருந்தது. கலாமணி வண்டியைத் திருப்பி, கீழ்நோக்கி நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், டயரைக் குனிந்து பார்த்தாள், பானெட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. வெள்ளிங்கிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார். "சார், மூணைப் புடிச்சுட்டனுங். பயத்துலதான் புடிச்சேன், ஆனாலும் முறைன்னா முறைதானுங். துண்டுக்குள்ள புடிச்சதை வுட்டுட்டு வேற வெல சொன்னா அப்பறம் நான் எந்தச் சந்தையில நிக்கறது? மூணுங்." முகம் அழுகிற மாதிரி இருந்தது. மூன்று எங்கள் நாலுக்கும் கீழே. இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லாதது பெரிய குறை. பயத்தில் பிடித்தது பேரம் ஆகாது. பயம் போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் அது பேரம். அவர் பயம் போனதும் விட்டுவிட்டார். நான் விடவில்லை. பஸ் போய், வானம் வந்து, தேயிலை வந்து, அவள் சிரித்து முடித்த பிறகும் ஐந்தையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சாட்சி யாரும் இல்லை. எனக்கு மட்டும் தெரியும், என் கைக்கும் தெரியும்.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்று கேட்டாள் கலாமணி, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே. வெள்ளிங்கிரி தரையைப் பார்த்தார். "சார் சொல்லட்டுங்."

"அஞ்சு" என்றேன்.

வெள்ளிங்கிரி நிமிர்ந்தார். வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "நாலுதானேங்க சொன்னேன்?" என்றாள் கலாமணி. "ஒரு விரல் அதிகம் போச்சுன்னா மலைக்கே போகலைன்னு சொன்னனல்ல?"

"போகணும்" என்றேன். "நீ போகணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், காலையில் மீட்டரைப் பார்த்ததுபோல, பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். டீக்கடைக்காரர் மூன்று டீ என்று குரல் கொடுத்தார், யாரும் சொல்லாமலே. வெள்ளிங்கிரி சாவிக்கொத்திலிருந்து தன் வீட்டுச் சாவியையும் சந்தைக் கொட்டகைச் சாவியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒன்றைத் துடைத்து அவளிடம் நீட்டினார். "டீச்சர், மாடா இருந்தா வித்துப்போட்டுத் திரும்பிப் பாக்க மாட்டனுங். இதைப் பாப்பேன். ரோட்டுல பாத்தா ஒரு ஹாரன் அடிங்." பிறகு என் பக்கம் திரும்பி, "எறங்குறப்ப நான் முன்னால உக்காந்துக்கறனுங் சார்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் கலாமணி கிளம்பினாள். அதிகம் போன அந்த ஒரு விரலை ஈடுகட்ட, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மூன்று செய்தித்தாள்களில் இரண்டை நிறுத்திவிட்டோம்.